சேற்றுக்குள்ளே ஒரு பேரேடு!

ஒரு கப்பலை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஆலையில் ஆட்குறைப்பு என்றால் வாயிற்கூட்டம் உண்டு, முழக்கம் உண்டு, துண்டறிக்கை உண்டு. இந்தக் கப்பலுக்காகக் குரல் கொடுத்தவர்களோ, பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் அறிவியலாரும் அதிலே பாடுபட்டவர்களும் மட்டுமே. சில ஏடுகளில் அது மூலைச் செய்தியாக வந்தது. பல ஏடுகளில் அதுவும் இல்லை. என்றாலும் நம் தோழர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது என்று நாம் கருதுகிறோம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் கதையைக் கேளுங்கள்.

கப்பலின் பெயர் 'ஜாய்டீஸ் ரெசல்யூஷன்'. 143 மீட்டர் நீளம். நடுவிலே கோபுரம் போல உயர்ந்து நிற்கும் ஒரு துளையிடும் சாரம். 1978இல் இது கட்டப்பட்டது அறிவுக்காக அல்ல, எண்ணெய்க்காக. கடலடியில் எண்ணெய் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதற்காகப் பிறந்த கப்பல் இது. 1985இல் அறிவியலாரின் கைக்கு வந்தது. அன்று முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், எண்ணெயைத் தேடாமல் சேற்றைத் தேடியது! ஆழ்கடலின் அடியில் துளையிட்டு, அங்கே படிந்து கிடக்கும் வண்டலை அடுக்குக் குலையாமல் மேலே கொண்டுவந்தது. 2024 கோடையில், வடதுருவத்தை ஒட்டிய கடலில், கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுத் தீவுகளுக்கும் இடையே கடைசி முறையாகக் குழாயை இறக்கியது. அதன் பிறகு, "போதும், இனிப் பணம் இல்லை" என்று கணக்கை முடித்துவிட்டது அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை. அந்த முடிவை அது அறிவித்தது 2023 மார்ச் மாதத்தில்.

சேறு எடுக்கிற கப்பல் நின்றால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஆலைத் தோழன் கேட்கலாம். வண்டி இழுக்கும் தோழன் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு. அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

கணக்கு எழுதும் கடல்

கடைத்தெருவில் கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுகிறார். வரவும் செலவும் நாள் தவறாமல் ஏறுகின்றன. முதலாளி வேண்டாத பக்கத்தைக் கிழித்துவிடலாம். பொய்க் கணக்கு எழுதச் சொல்லலாம். ஆனால் எந்த முதலாளிக்கும் அஞ்சாமல், எந்த ஆட்சிக்கும் பணியாமல், கோடிக்கணக்கான ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் பேரேடு ஒன்று உண்டு. அதுதான் கடலின் அடியில் கிடக்கும் சேறு.

ஆறு கொண்டுவரும் வண்டல், காற்றில் பறந்துவரும் தூசி, எரிமலைச் சாம்பல், கடலின் மேற்பரப்பில் வாழ்ந்து மடியும் நுண்ணுயிர்களின் ஓடுகள் எல்லாம் மழைத் தூறல் போல ஓயாமல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சேர்வது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். சங்கப் புலவர்கள் பாடிய நாள் முதல் இன்றுவரை நடந்ததெல்லாம் ஐந்து சென்டிமீட்டர் சேற்றுக்குள் அடக்கம்! அப்படியானால் நூறு மீட்டர் ஆழத்துச் சேறு எத்தனை இலட்சம் ஆண்டுகளின் கணக்கு என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இந்தப் பேரேட்டைப் புரட்டும் வேலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டிஷ் கப்பல் 'சாலஞ்சர்' கடலடியைச் சுரண்டி, மேல்பக்கத்தை மட்டும் பார்த்தது. 1947இல் புறப்பட்ட ஸ்வீடன் நாட்டுக் கப்பல் 'ஆல்பட்ராஸ்', குல்லன்பெர்க் என்பவர் ஆக்கிய உறிஞ்சுகுழாயைக் கொண்டு பல மீட்டர் நீளத்துக்கு வண்டலை அப்படியே உருவி எடுத்தது. 1968இல் 'குளோமார் சாலஞ்சர்' வந்தது; குழாயோடு குழாய் பூட்டி, கடலடியையே துளைக்கத் தொடங்கியது. அதன் வாரிசுதான் நாம் சொன்ன 'ஜாய்டீஸ் ரெசல்யூஷன்'.

அந்தக் கப்பலில் வேலை எப்படி என்பதைத் தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். லாரி அசையாமல் நிற்கிறது. குழாய் ஒவ்வொன்றாக இறங்குகிறது. அதே வேலையை, ஆடுகிற கப்பலில் நின்றுகொண்டு, கீழே நாலைந்து கிலோமீட்டர் தண்ணீரையும் தாண்டிச் செய்ய வேண்டும் என்றால்? நங்கூரம் எட்டாத ஆழம்! கப்பலின் அடியில் பொருத்திய உந்திகளை இடைவிடாமல் இயக்கி, அலையோடும் காற்றோடும் மல்லுக்கட்டி, ஒரே இடத்தில் நிறுத்திவைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஒரு முறை. அடுத்த பன்னிரண்டு மணி நேரம் மறுமுறை. இரவு பகல் என்ற பேச்சே இல்லை. இரண்டு மாதம் கரையைக் காணாத வேலை. சேற்றைப் பற்றிப் புத்தகம் எழுதும் பேராசிரியரை உலகம் அறியும். கிரீஸ் படிந்த கையோடு குழாயைப் பூட்டிக் கழற்றியவனை உலகம் அறியாது. ஆனால் அவன் கை இல்லாமல் ஒரு பக்கம்கூடப் புரண்டதில்லை.

ஒவ்வொரு முறையும் ஒன்பதரை மீட்டர் நீளத்துக்கு வண்டல் மேலே வருகிறது, புட்டுக்குழலில் புட்டு வருவதைப் போல அடுக்கடுக்காக. அதை ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக நறுக்குகிறார்கள். பிறகு நெடுக்காக இரண்டாகப் பிளக்கிறார்கள். ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. மற்றொரு பாதி காப்புக்கு. இன்று நமக்குத் தெரியாத கேள்வியை நாளை ஒருவன் கேட்கலாம், இன்று நம்மிடம் இல்லாத கருவி நாளை ஒருவனிடம் இருக்கலாம் என்று எண்ணி, காப்புப் பாதியைக் குளிர் அறையில் வைத்துக் காக்கிறார்கள். ஜெர்மனியின் பிரெமனிலும், அமெரிக்காவின் டெக்சசிலும், ஜப்பானின் கோச்சியிலும் அந்தக் கிடங்குகள் இருக்கின்றன. (இது கேரளத்துக் கொச்சி அல்ல, ஜப்பானில் அதே போன்ற பெயர் கொண்ட ஊர்.) நம் இந்தியப் பெருங்கடலின் சேறு துயில்வது அந்த ஜப்பானியக் கிடங்கில்தான்.

சேற்றைப் படிப்பது எப்படி?

சேற்றில் எழுத்தா இருக்கிறது, படிப்பதற்கு? இருக்கிறது!

போராமினிபெரா என்றொரு நுண்ணுயிர் கடலில் வாழ்கிறது. மணல் பருக்கை அளவுதான். கடல்நீரில் கரைந்திருப்பதை எடுத்துத் தனக்குச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்கிறது. மடிந்ததும் அந்த ஓடு கீழே இறங்கிச் சேற்றில் புதைகிறது. அந்த ஓடுதான் எழுத்து.

பிராணவாயுவிலே இரண்டு வகை முக்கியம்: ஒன்று இலேசானது, மற்றொன்று சற்றுக் கனமானது. ஆயிரத்தில் இரண்டே இரண்டு அணுக்கள் கனமானவை. கடல்நீர் ஆவியாகும்போது இலேசானது எளிதில் மேலே போகிறது. சாதாரண நாளில் அது மழையாகப் பெய்து, ஆறாக ஓடி, மீண்டும் கடலுக்கே வந்துவிடும். ஆனால் உலகம் குளிர்ந்து, வடக்கே பனி மலைமலையாகக் குவிந்துவிட்டால்? மேலே போனது திரும்பி வராது. பனியாக நிலத்திலேயே சிறைப்பட்டுவிடும். கடலில் கனமானதன் விகிதம் கூடும். குளிர்ந்த நீரில் ஓடு கட்டும் உயிரும் கனமானதைச் சற்று அதிகமாகவே சேர்த்துக்கொள்கிறது. ஆகவே ஓடு கனத்தால் பனிக்காலம். ஓடு இலேசானால் வெப்பக் காலம். கணக்கு அவ்வளவுதான்!

1955இல் செசாரே எமிலியானி என்னும் அறிவியலாளர் இந்த முறையில் கடலடி வண்டலைப் படித்து, பனியூழி ஒன்றல்ல இரண்டல்ல, பலமுறை வந்து போயிருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். கடைசியாக அது உச்சத்தில் இருந்தது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. அன்று கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்கு அன்றைய மனிதன் தோணியில்லாமல் நடந்தே போயிருக்கலாம். இடையே கடல் இல்லை!

ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது அறிவியலாருக்கும் தெரியும். சேற்றைப் புழு கிளறியிருக்கலாம். நீரோட்டம் அரித்துக்கொண்டு போயிருக்கலாம். அதனால்தான் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் பல துளைகள் போடுகிறார்கள். ஒரு கடலின் கணக்கை மற்றொரு கடலின் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறார்கள். பூமியின் காந்தமுனை தலைகீழாக மாறியதுகூடச் சேற்றில் பதிந்திருக்கிறது. கடைசியாக மாறியது ஏறத்தாழ 7,75,000 ஆண்டுகளுக்கு முன்பு. அது எல்லாக் கடலிலும் ஒரே நேரத்தில் விழுந்த முத்திரை. ஆகவே எந்தப் பக்கம் எந்த ஆண்டுக்குரியது என்பதைக் குழப்பமின்றிக் கண்டுகொள்ள முடிகிறது.

சிறைப்பட்டவன் போட்ட கணக்கு

பனியூழி ஏன் வந்தது, ஏன் போனது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் செர்பிய நாட்டுப் பொறியாளர் மிலுடின் மிலான்கோவிச். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, புதுமணத் தம்பதியாய்ச் சென்றிருந்த இடத்தில் அவரைப் பகை நாட்டான் என்று பிடித்துக் காவலில் வைத்தார்கள். பிறகு புடாபெஸ்ட் நகரில் கண்காணிப்பில் இருந்தபடியே அவர் கணக்குப் போட்டார். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சிறிது நீள்கிறது, குறுகுகிறது. பூமியின் சாய்வு சற்றே மாறுகிறது. பம்பரம் போலத் தலையை ஆட்டுகிறது. இவற்றால் வடபகுதியில் விழும் வெயில் கூடிக் குறைகிறது. அதனால்தான் பனியூழி என்பது அவர் முடிவு. பலர் நம்பவில்லை. 1958இல் அவர் மறைந்தார்.

அவர் சொன்னதற்குச் சாட்சி சொன்னது சேறு! 1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்ற மூவர், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுத்த இரண்டு வண்டல் தண்டுகளைப் படித்தார்கள். 4,50,000 ஆண்டுகளின் கணக்கு அதில் இருந்தது. ஏறத்தாழ 1,00,000 ஆண்டு, 41,000 ஆண்டு, 23,000 ஆண்டு என்ற மூன்று தாளங்கள் அந்தச் சேற்றில் ஒலித்தன. மிலான்கோவிச்சின் கணக்கோடு அவை பொருந்தின. காவலில் இருந்தவன் தாளில் எழுதியதும், கடலடியில் இயற்கை சேற்றில் எழுதியதும் ஒன்றாய் நின்றன.

"எப்போதும் மாறியதுதானே?"

இந்த இடத்திலேதான் சில கனவான்கள் கைதட்டுகிறார்கள். "பார்த்தீர்களா! பூமி தானாகவே குளிர்கிறது, தானாகவே சூடாகிறது. எப்போதும் மாறியதுதானே? எங்கள் புகைபோக்கியை ஏன் குற்றம் சொல்கிறீர்கள்?" என்கிறார்கள். நிலக்கரியிலும் எண்ணெயிலும் மூலதனம் போட்டவர்கள் இதைச் சொன்னால் நமக்கு வியப்பில்லை. ஆனால் விவரம் தெரியாத நல்லவர்களும் சொல்கிறார்கள். அவர்களுக்காகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரில் என்றைக்கும் யாராவது ஒருவர் செத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதற்காகக் கொலை செய்தவனை, "சாவு இயற்கைதானே, போய் வா" என்று அனுப்பிவிடுகிறோமா? எப்படிச் செத்தார், எவ்வளவு வேகத்தில் செத்தார், கையில் கத்தி வைத்திருந்தது யார் என்று கேட்கிறோம் அல்லவா? அதையேதான் சேற்றிடமும் கேட்க வேண்டும். பருவநிலை எப்போதும் மாறியது என்பதை நமக்குச் சொன்னதே இந்தச் சேறுதான். அதன் பாதி வாக்குமூலத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, மீதியைக் கேட்காமல் ஓடுவது என்ன நியாயம்?

மீதி வாக்குமூலம் இது. மிலான்கோவிச் சொன்ன ஆட்டங்கள் நடக்கப் பத்தாயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளில் பூமியின் பாதை அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை. மாறியது காற்று. ஆலைகள் பெருகுவதற்கு முன்பு காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420ஐயும் தாண்டிவிட்டது. அண்டார்க்டிகாவின் பனியைத் துளைத்து எடுத்த பழங்காற்றில் 8,00,000 ஆண்டுகளாக அது 300ஐ ஒட்டிக்கூட நெடுநாள் நின்றதில்லை. 420 என்ற எண்ணுக்கு நிகரான காலத்தைப் பார்க்க வேண்டுமானால் 30 இலட்சம் ஆண்டுகள் பின்னே போக வேண்டும். அவ்வளவு பழைய பனி நமக்கு முழுப் பேரேடாகக் கிடைக்கவில்லை. கடலடிச் சேறு கிடைக்கிறது. அது என்ன சொல்கிறது? அன்று உலகம் ஆலைக் காலத்துக்கு முந்திய நிலையைவிட இரண்டரை முதல் நாலு டிகிரி வரை சூடாக இருந்தது. கடல் குறைந்தது ஐந்து மீட்டராவது உயர்ந்து நின்றது என்று சொல்கிறது. ஐந்து மீட்டர்! தரங்கம்பாடியிலும் தூத்துக்குடியிலும் உப்பளத்திலும் மீன்பிடி குப்பத்திலும் வாழ்கிறவன் அந்த எண்ணை ஒருமுறை நெஞ்சில் நிறுத்திப் பார்க்கட்டும். அந்த உயர்வு நாளைக்கே வந்துவிடாது; பல நூற்றாண்டுகள் பிடிக்கும். ஆனால் வண்டி எந்தத் திசையில் உருள்கிறது என்பதைச் சேறு காட்டிவிட்டது.

வெள்ளை மண் சிவந்த கதை

இன்னொரு வாக்குமூலமும் உண்டு. அதுதான் நம்மை உலுக்க வேண்டியது. 2003இல் இதே கப்பல் தென் அட்லாண்டிக் கடலில், ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள வால்விஸ் என்னும் கடலடி மேட்டில் துளையிட்டது. மேலே வந்த வண்டல் நெடுகிலும் வெளுப்பாக இருந்தது. நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு அது. திடீரென்று ஓர் இடத்தில் வெள்ளை நின்றது. கத்தியால் கோடு கிழித்தது போலச் செங்களிமண் தொடங்கியது. அதற்கும் மேலே மெல்ல மெல்ல மீண்டும் வெளுத்தது.

அந்தச் சிவப்புக் கோடு 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது. அன்று பெருமளவு கரி காற்றிலும் கடலிலும் கலந்தது. உலகம் ஐந்து ஆறு டிகிரி சூடேறியது. கரியமில வாயுவைக் குடித்த கடல் புளித்தது; புளித்த நீரில் சுண்ணாம்பு ஓடு கரைந்தது. வெள்ளை போனது, களிமண் மட்டும் மிஞ்சியது. ஆழ்கடலடியில் வாழ்ந்த போராமினிபெரா வகைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று முதல் பாதி வரை பூண்டோடு அழிந்தன. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பேரேட்டில் எழுதியிருப்பதை மறுபடியும் படியுங்கள்: கெடுவதற்குச் சில ஆயிரம் ஆண்டு, தேறுவதற்கு இலட்சம் ஆண்டு!

அன்று கரி கலந்த வேகம் எவ்வளவு? அறிவியலாரின் மதிப்பீட்டின்படி, இன்று மனிதன் கலக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே. இன்று நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டன் கரியைக் காற்றில் விடுகிறோம். "எப்போதும் மாறியதுதானே" என்பவர்கள் இந்த வேகத்துக்கு நிகராக ஒரு பக்கத்தைப் பேரேட்டில் காட்டட்டும். டைனோசர்கள் மடிந்த காலத்துக்குப் பிந்திய ஆறரைக் கோடி ஆண்டுக் கணக்கில் அப்படி ஒரு பக்கம் அகப்படவில்லை.

நம் மழையும் அதில் எழுதியிருக்கிறது

இதெல்லாம் அட்லாண்டிக் கதை, நம் கதை என்ன என்று கேட்பீர்கள். 2014 நவம்பரில் இதே கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு வங்கக் கடலுக்கு வந்தது. நம் பருவமழையின் வரலாற்றைத் தேடித்தான் வந்தது. ஒடிசாக் கரைக்கு அப்பால், மகாநதி வந்து கலக்கும் கடலில் துளையிட்டது. மழை மிகுந்தால் ஆறு பெருகும், ஆறு பெருகினால் கரையோரக் கடலில் உப்புக் குறையும், வண்டல் கூடும். அந்த மாற்றம் ஓட்டிலும் சேற்றிலும் பதியும். கிளெமன்ஸ் என்ற அறிவியலாளரின் குழு அதைப் படித்து, 9,00,000 ஆண்டுகளின் மழைக் கணக்கை 2021இல் வெளியிட்டது. காற்றில் கரியமில வாயு ஏறி, பனி குறைந்த காலங்களிலெல்லாம் தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கிறது என்பது அந்தக் கணக்கின் சாரம். வருங்காலத்தைப் பற்றிக் கணிப்பொறிகள் சொல்வதும் அதுவே. பழைய சேறும் புதிய பொறியும் ஒரே குரலில் பேசுகின்றன.

மழை கூடினால் நல்லதுதானே என்று உழவன் மகிழ்ந்துவிட வேண்டாம். குடகில் பெய்யும் தென்மேற்கு மழைதான் காவிரியாகி மேட்டூரை நிரப்புகிறது என்பது உண்மை. ஆனால் மழை, கேட்ட நாளில் கேட்ட அளவு பெய்வதில்லை. சூடேறிய காற்று நீரை அதிகம் சுமக்கும். சுமந்ததை ஒரே மூச்சில் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது நினைவில்லையா? அது வடகிழக்குப் பருவத்து மழை. சேறு பேசுவது தென்மேற்கைப் பற்றி. இரண்டையும் நாம் குழப்பவில்லை. ஒரே நாளில் கொட்டும் மழை ஏழையின் வீட்டை என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறோம். அணையின் மதகை எந்த அளவுக்குக் கட்டுவது, வாய்க்காலை எவ்வளவு அகலப்படுத்துவது, குடிசையை எந்த மேட்டுக்கு மாற்றுவது என்பதெல்லாம் வரப்போகும் மழையைப் பொறுத்தது. வரப்போகும் மழையை அறிய, வந்துபோன மழையின் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு கடலடியில் கிடக்கிறது.

ஒரு மணி நேரக் காசு!

இவ்வளவு சொன்ன கப்பலை நிறுத்தினார்களே, அதற்கு ஆண்டுக்கு ஆன செலவு என்ன? ஏறத்தாழ 7 கோடி டாலர். சிறு தொகையல்ல, நம் கணக்கில் சுமார் 600 கோடி ரூபாய். கப்பல் பழையதாயிற்று, செலவு ஏறிவிட்டது, பிற நாடுகள் போதிய பங்கு தரவில்லை என்று காரணம் சொன்னார்கள். அதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்கும் கப்பல் அது. ஏற்கெனவே கிடங்குகளில் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டல் இருக்கிறதே, அதைப் படியுங்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் துளையே விழாத கடல் எத்தனையோ கிடக்கிறது. பழைய கப்பல் போகுமுன் புதிய கப்பலைக் கட்டிவைத்திருக்கலாம் அல்லவா?

பணமில்லை என்ற நாட்டின் படைச் செலவைப் பாருங்கள். ஆண்டுக்கு 80,000 கோடி டாலருக்கு மேல்! நாளாக்கி, மணியாக்கி வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 9 கோடி டாலர். பூமியின் பழைய கணக்கைப் படிக்கும் கப்பலுக்கு ஓராண்டு முழுதும் ஆகும் காசு, அந்தப் படைக்கு ஒரு மணி நேரத்துக்குக்கூடப் போதாது! ஒரு மணி நேரக் காசு இல்லையென்று ஒரு சாட்சியின் வாயை மூடிவிட்டார்கள். எண்ணெய் தேடும் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எண்ணெயை எரித்ததால் என்ன ஆகும் என்று சொன்ன கப்பல் ஓய்ந்து நிற்கிறது. இதற்குப் பெயர் பற்றாக்குறை அல்ல, தோழர்களே. இதற்குப் பெயர் தேர்வு. எது வேண்டும், எது வேண்டாம் என்று ஆட்சியில் இருப்பவர்கள் செய்துகொண்ட தேர்வு.

உலகம் முழுதும் கதவடைத்துவிட்டது என்றும் நாம் சொல்ல மாட்டோம். ஜப்பானிடம் 2005 முதல் 'சிக்யூ' என்ற பெரிய கப்பல் இருக்கிறது. ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து 2025இல் புதிய கூட்டுத் திட்டம் தொடங்கின. சீனம் 2024 நவம்பரில் 'மெங்சியாங்' என்ற கப்பலைக் கடலில் விட்டது. கடல்மட்டத்திலிருந்து 11,000 மீட்டர் ஆழம் வரை துளையிடும் வல்லமை அதற்கு உண்டாம். ஆக, சேற்றின் அருமை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கைவிட்டதை மற்றவர் எடுத்துக்கொள்கிறார்கள்.

நாம் கேட்பது

இந்தியா என்ன செய்யப்போகிறது? கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் வழியாக நம் நாட்டு அறிவியலாரும் இந்தத் துளையிடும் பயணங்களில் பங்கு பெற்றவர்கள். 2015இல் அரபிக்கடலில் நடந்த பயணம் மும்பையில்தான் முடிந்தது. 2021இல் மைய அரசு ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒதுக்க இசைந்தது. கடலடியில் கிடக்கும் உலோகக் கட்டிகளை வாரிக்கொண்டு வருவதைப் பற்றி அதில் நிரம்பப் பேச்சு அடிபடுகிறது. நாம் கேட்கிறோம்: உலோகத்தை வாருவதற்குக் காட்டும் ஆவலில் ஒரு பங்கையாவது சேற்றைப் படிப்பதற்கும் காட்டக் கூடாதா? நம் மழையின் பேரேட்டை அயல் நாட்டுக் கப்பல் வந்து எடுக்க வேண்டும்; அயல் நாட்டுக் கிடங்கில் வைக்க வேண்டும்; அந்தக் கப்பலும் நின்றுவிட்டால் கைகட்டி நிற்க வேண்டும் என்பது எத்தனை நாளைக்கு?

இது பேராசிரியர்களின் வழக்கு, நமக்கென்ன என்று நம் தோழர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. வெயில் ஏறினால் முதலில் மயங்கி விழுகிறவன் சாலை போடும் தொழிலாளி. கடல் ஏறினால் முதலில் வீடிழக்கிறவன் குப்பத்து மீனவன். மழை பிழைத்தாலும் மிகுந்தாலும் முதலில் கடன்படுகிறவன் குத்தகை உழவன். கணக்குப் புத்தகம் மூடப்படும்போது நட்டமடைகிறவன் யாரோ, அவன்தான் "புத்தகத்தைத் திற" என்று கேட்க வேண்டும். படிப்பு வட்டங்களில் இதைப் பேசுங்கள். சங்கக் கூட்டங்களில் கூலியைப் பற்றியும் பஞ்சப்படியைப் பற்றியும் பேசும் அதே மேடையில், மழையைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேசுங்கள். நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் கேள்வி எழுப்பட்டும்.

ஜப்பானியக் கிடங்கின் குளிர் அறையில், வங்கக் கடலிலிருந்து எடுத்த வண்டலின் காப்புப் பாதி வரப்போகிறவர்களுக்காகக் காத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் ஒருநாள் அதைப் பார்ப்பார்கள். நாம் வாழ்ந்த காலத்துச் சேறும் அதற்குள் கடலடியில் படிந்திருக்கும். நாம் எரித்த கரியும், புளித்த கடலும், கரைந்த ஓடுகளும் அதில் பதிந்திருக்கும். அந்தப் பக்கத்தில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நேரம் முடிவதற்குள் ஆட்சியாளர்களைக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாக வேண்டும்: ஒரு மணி நேரக் காசா பெரிது?